மேடு பள்ளமான உட்சுவரை மேல்பூச்சுக்குத் தயார்செய்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய வீடொன்றின் தரைத்தள அறை. அதன் ஒரு சுவர் தோட்டத்தை ஒட்டிய வெளிச்சுவர்; ஒரு செங்கல் கனம், 4.5 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் உயரம். சுவரின் நடுவில் முன்பு தோட்டத்துக்குப் போகும் வாசல் இருந்திருக்கிறது. பின்னாளில் அதைச் செங்கல் வைத்து அடைத்து, சிமெண்டு பூசி மூடியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் இருந்தது பழைய சுண்ணாம்புக் காரை. அதன்மேல் பலமுறை வெள்ளையடித்திருந்தார்கள். கீழே 1.2 மீட்டர் உயரம் வரை, அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம் என்று எண்ணெய் வண்ணம் அடித்திருந்தார்கள்.

இந்தச் சுவரின் மேல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறு ஆட்களைக் கொண்டு ஜிப்சம் மேல்பூச்சு, அதாவது சுவரை வழுவழுப்பாக்கும் மெல்லிய கடைசிப் பூச்சு, போடப்பட்டது. ஓராண்டுக்குள் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது. மேல்பகுதியில் சில இடங்கள் தகடு தகடாக உரிந்தன. உரியாத இடமும் பார்க்க நன்றாக இல்லை. பக்கத்துச் சுவரில் ஜன்னல் இருப்பதால் காலை வெயில் இந்தச் சுவரை உரசிக்கொண்டு வரும். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் நிழல் விழும் அளவுக்குத் துலங்கியது.

வீட்டு உரிமையாளர்களான கணவன் மனைவி இருவரும் எங்களை அழைப்பதற்கு முன்பே சிலரிடம் கேட்டிருந்தார்கள். "உரிந்ததைச் சுரண்டிவிட்டு, பசையடித்து, மேலேயே ஒரு கோட்டிங் போட்டுவிடலாம்" என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். நீண்ட அனுபவமுள்ள ஒரு பூச்சுக் கொத்தனார், ஓர் உதவியாளர், மேற்பார்வைக்கு நான் என்று மூன்று பேர் இந்த வேலையை எடுத்துக்கொண்டோம். மேல்பூச்சு போட்டது ஒரே நாள் வேலைதான். அதற்கு முன்பு செய்தவையே இங்கே பெரும்பகுதி.

உரிந்த தகடு சொன்னது

சுவரில் கைவைக்கும் முன், உரிந்து தொங்கிக்கொண்டிருந்த தகடுகளை எடுத்து அவற்றின் பின்புறத்தைப் பார்த்தோம். பூச்சு ஏன் விழுந்தது என்பதை முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தெளிவாகக் காட்டும். தகட்டின் பின்னால் மணல் ஒட்டியிருந்தால், அடியிலிருக்கும் காரையே வலுவிழந்திருக்கிறது. பின்புறம் வழவழவென்று சுத்தமாக இருந்தால், பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. வெள்ளைப் பொடி படிந்திருந்தால், நடுவிலிருந்த சுண்ணாம்பு அடுக்கு பிளந்துகொண்டது.

இந்த ஒரே சுவரில் இவற்றில் இரண்டு வகை கிடைத்தன. மேல்பகுதித் தகடுகளின் பின்னால் வெள்ளைப் பொடி. ஈரவிரலால் தேய்த்தபோது அது குழைந்து விரலோடு வந்தது. பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. பொடியாகிப்போன வெள்ளையைப் பிடித்திருந்தது, அந்த வெள்ளை சுவரை விட்டுவிட்டது. கீழ்ப்பகுதித் தகடுகளின் பின்புறம் கண்ணாடிபோல் வழவழப்பு. எண்ணெய் வண்ணத்தின் மினுமினுப்பு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. வண்ணத்தைக் கீறிவிடாமல் அதன்மேலேயே பூசியிருக்கிறார்கள்.

பிறகு சுவர் முழுவதையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தோம். பிடிப்புள்ள காரை கெட்டியான ஒலி தரும். செங்கல்லை விட்டு விலகிய காரை வெற்றொலி கொடுக்கும். வெற்றொலி வந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறித்தோம். அடைத்த வாசலின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் பட்டைபோல் பிடிவிட்டிருந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஏறக்குறைய முழுவதுமே வெற்றொலிதான்.

அடுத்தது நீர்ச்சோதனை. தெளிப்பானால் சுவரில் ஆங்காங்கே தண்ணீர் தெளித்தோம். சுரண்டிய சுண்ணாம்புக் காரை சில விநாடிகளில் உறிஞ்சிக்கொண்டது. வாசலை அடைத்த சிமெண்டுப் பகுதி மெதுவாக உறிஞ்சியது. எண்ணெய் வண்ணத்தின்மேல் தண்ணீர் வழிந்தோடியது. ஒரே சுவரில் மூன்று விதமான உறிஞ்சல். இதன்மேல் ஒரே கலவையை இழுத்தால் ஓரிடத்தில் கரணை படுவதற்குள் காய்ந்துவிடும், இன்னோரிடத்தில் நெடுநேரம் சேறாகவே கிடக்கும். இறுகும் நேரத்தைப் பார்த்துத் தேய்ப்பதுதான் மேல்பூச்சின் நுட்பம். அந்த நேரம் இடத்துக்கு இடம் மாறினால் எவ்வளவு தேர்ந்த கைக்கும் வழுவழுப்பு வராது.

ஓதம் எங்கிருந்து வந்தது

கீழே 700 மில்லிமீட்டர் உயரத்தில், கடலலை விட்டுப்போன கோடுபோல ஒரு பழுப்புக் கறை சுவரின் நீளத்துக்கும் ஓடியது. அதன்கீழ் உப்புப் பூத்திருந்தது. ஓதம், அதாவது சுவரில் ஈரம், இருப்பதில் சந்தேகமில்லை. அது சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு.

300, 800, 1800 மில்லிமீட்டர் உயரங்களில் முழச்சதுரப் பிளாஸ்டிக் தாள்களை வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது கீழ்த்தாளின் உட்பக்கம், அதாவது சுவரை நோக்கிய பக்கம், நீர்த்துளிகள் கோத்திருந்தன. நடுத்தாளில் இலேசான மங்கல். மேல்தாள் சுத்தம். எந்தத் தாளின் வெளிப்பக்கத்திலும் துளி இல்லை. எனவே ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது, அதுவும் கீழிருந்து.

காரணம் வெளியே போய்ப் பார்த்ததும் தெரிந்தது. தோட்டத்தில் பூச்செடிப் பாத்திக்காகச் சுவரை ஒட்டி மண்ணைக் குவித்திருந்தார்கள். அடித்தளத்துக்கு மேலே சுவரில் வைத்திருந்த ஓதத்தடுப்புப் படலத்தைத் தாண்டி, ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு மண் ஏறியிருந்தது. ஈரமண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் படலம் இருந்தும் பயனில்லை. தண்ணீர் அதற்கு மேலாகவே சுவருக்குள் நுழைந்துவிடும். உள்ளே எண்ணெய் வண்ணம் சுவரை மூடியிருந்ததால் ஈரம் ஆவியாக வழியின்றி இன்னும் மேலே ஏறியிருக்கிறது.

மண்ணை அகற்றி, தரைமட்டம் அந்தப் படலத்துக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்குமாறு சரித்துவிட்டோம். செடிகளை உரிமையாளரின் மனைவியே தள்ளி நட்டுக்கொண்டார். உள்சுவரில் நாங்கள் செய்த எதைவிடவும் இந்த மண்வெட்டி வேலைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஓதத்தின் வழியை அடைக்காமல் உள்ளே எந்தப் பூச்சைப் போட்டாலும், எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், அது விழும் நாளைத் தள்ளிப்போடுவதுதான்.

இரண்டு முடிவுகள்

வேலை எப்படிப் போகவேண்டும் என்பதை இரண்டு முடிவுகள் தீர்மானித்தன.

முதலாவது, சுவரைத் தூக்குக்கு, அதாவது நேர் செங்குத்துக்கு, கொண்டுவருவதா, சமதளமாக்கினால் போதுமா என்பது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது சுவரின் மேல்முனை 18 மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது. உரிமையாளர் நேராக நிமிர்ந்த சுவர் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். அதற்கு மேலே 18 மில்லிமீட்டர் கனம் ஏற்றவேண்டும். அந்தச் சுவரைத் தொடும் பக்கத்து அறைக் கதவின் நிலை, பழைய காரையைவிட 8 மில்லிமீட்டர்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கனம் ஏற்றினால் நிலை பூச்சுக்குள் புதைந்துவிடும். சுவரின் சாய்வு கண்ணுக்கு எளிதில் தெரியாது. உரசி வரும் வெளிச்சத்தில் மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும். ஒரு பேட்டரி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து உரிமையாளருக்கு இரண்டையும் காட்டினோம். சாய்வை விட்டுவிடலாம், தளம் நேராகட்டும் என்று அவரே சொன்னார். 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகையை எந்தத் திசையில் வைத்தாலும் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று அளவு வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, கீழ்ப்பகுதியில் ஜிப்சம் போடுவதா என்பது. ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையும். லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம். ஈரம் தொடர்ந்து இருந்தால் அது மெத்தென்று ஆகிவிடும். ஈரச் சுவர் காய்வதற்கு ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஒரு மாதம் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு செங்கல் கனச் சுவர் ஏறக்குறைய 230 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் இது முழுதாகக் காய ஒன்பது மாதம் வேண்டும். அவ்வளவு காலம் அறையைப் பூட்டிவைக்க யாராலும் முடியாது. ஆகவே கீழே 1.2 மீட்டர் வரை ஜிப்சமே வேண்டாம், காய்ந்துகொண்டே இருக்க இடம்கொடுக்கும் சுண்ணாம்புப் பூச்சு போடலாம், மேலே மட்டும் ஜிப்சம் என்று தீர்மானித்தோம். இரண்டும் சேரும் கோட்டின்மேல் ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடும்.

1.2 மீட்டர் என்ற உயரத்துக்குக் காரணம் உண்டு. ஓதக் கறைக்கு மேலே குறைந்தது 300 மில்லிமீட்டர் வரை உப்பேறிய காரையை எடுத்துவிடுவது வழக்கம். அது 1 மீட்டரில் நின்றுவிடும். இன்னும் 200 மில்லிமீட்டர் ஏறினால் எண்ணெய் வண்ணம் முழுவதும் காரையோடு சேர்ந்தே போய்விடும். வண்ணத்தைத் தனியாகச் சுரண்டும் வேலை தேவைப்படாது.

உரித்தலும் கொத்தலும்

மெயின் சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்த மின்பெட்டிகளின் மூடிகளைக் கழற்றி, கம்பி முனைகளைக் காப்பிட்டுவிட்டுத்தான் உளியை எடுத்தோம். பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவிலேயே 1978 இல்தான் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்குத் தடை வந்தது. அதனால் அந்தப் பகுதியை உலர் உப்புத்தாளால் தேய்ப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே கொத்தினோம். தரையில் விரித்த தாளோடு சிதறலைச் சுருட்டி மூட்டைகட்டினோம். மூவரும் என்95 முகக்கவசம் அணிந்திருந்தோம். வீட்டுக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை. காரைத் தூசியில் மணலின் நுண்துகள் இருக்கும். அது நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. பூச்சு வேலையில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கீழே செங்கல் தெரியும்வரை காரையை எடுத்து, செங்கற்களுக்கு இடையிலிருந்த பொடித்துப்போன கலவையை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினோம். செங்கல்லில் பூத்திருந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளினோம். உதவியாளர் வாளித் தண்ணீரோடு வந்தார். உப்பைக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் செங்கல்லுக்குள் போய்விடும் என்று கொத்தனார் அவரைத் தடுத்தார். அதன்பின் சுவரை அப்படியே திறந்துபோட்டோம். ஜன்னல் திறந்திருந்தது, ஹீட்டர் எதுவும் வைக்கவில்லை. சுமார் ஆறு வாரங்களில் உப்பு மீண்டும் மீண்டும் பூத்தது. பூக்கும்போதெல்லாம் உலரத் தட்டினோம். ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைவாகவே வந்தது.

இந்தக் காத்திருப்பை உரிமையாளருக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. வேலை நின்றுவிட்டது என்றே அவர் நினைத்தார். தூரிகையில் அள்ளிய உப்பை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுவைத்துக் காட்டியபோதுதான், சுவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

மேல்பகுதியில் முன்பு போட்ட ஜிப்சம் பெரிய தகடுகளாகக் கழன்றது. அதன் அடியிலிருந்த வெள்ளையை நனைத்து ஊறவிட்டு, அகலச் சுரண்டியால் இழுத்தோம். பிறகு கெட்டித் தூரிகையால் தேய்த்து, வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றிக் கழுவினோம். தேய்த்த இடத்தில் கறுப்புத் துணியை அழுத்தி இழுத்தால் வெள்ளை ஒட்டக்கூடாது. அதுதான் எங்கள் சோதனை. இங்கே தண்ணீர் விடலாம், கீழே விடக்கூடாது. இங்கே இருந்தது காரையின் மேல் அடித்த வெள்ளை, அங்கே செங்கல்லுக்குள்ளிருந்து வந்த உப்பு. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான்.

அடைத்த வாசல்

வாசலை அடைத்த செங்கற்கள் பழைய சுவரோடு பல்லுக்குப் பல் கோத்துக் கட்டப்படவில்லை. இடைவெளியில் செருகிய கட்டு. அதன் இரு பக்கமும் மேலிருந்து கீழாக மயிரிழை அளவில் தொடங்கி, 1 மில்லிமீட்டர் வரை அகன்ற வெடிப்புகள் இருந்தன. வெடிப்பு நகர்கிறதா என்று பார்க்க, அதன் முனைகளில் பென்சிலால் கோடிழுத்துத் தேதி எழுதினோம். குறுக்கே இரண்டு இடங்களில் சிறிய ஜிப்சம் பொட்டுகளும் வைத்தோம். சுவர் காய்ந்த அந்த ஆறு வாரத்தில் பொட்டுகள் உடையவில்லை, வெடிப்பு கோட்டைத் தாண்டவும் இல்லை. கட்டட அமைப்பில் கோளாறு இருந்தால் பூச்சுக்காரர் கைவைக்கக் கூடாது, பொறியாளரைத்தான் அழைக்கவேண்டும். இங்கே அந்தத் தேவை எழவில்லை.

வெடிப்புகளை அகலப்படுத்திச் சுத்தம் செய்து கலவையால் அடைத்தோம். அடைப்பும் பழைய சுவரும் சேரும் சேர்க்கை ஒவ்வொன்றின் மேலும் 300 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடியிழை வலையை, இரு பக்கமும் சம அளவு படுமாறு, அடிப்பூச்சுக்குள் புதைத்தோம். உலோக வலையை ஸ்க்ரூ போட்டு இறுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. கண்ணாடியிழை வலைக்குக் கனம் குறைவு, துருப்பிடிக்காது, வெடிப்பும் நகரவில்லை என்பதால் அதையே தேர்ந்தெடுத்தோம்.

சுவரை அளந்து எண்ணெழுதியது

மேடு பள்ளத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக் கலவையை வீசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுவரின் நான்கு மூலைகளிலும் 20 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் ஆணியடித்துக் கயிறு கட்டினோம். முதலில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கயிறுகள். அவை நடுவில் ஒன்றையொன்று தொட்டால் நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றன. இடைவெளி விட்டால் சுவர் முறுக்கிக்கொண்டிருக்கிறது. 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. ஒரு மூலையின் கட்டையைச் சற்றே கனமாக்கி அதைச் சரிசெய்தோம்.

பிறகு சுவரில் 500 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பென்சில் கட்டங்கள் போட்டு, கிடைக்கயிற்றை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் கயிற்றுக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை அளந்து சுவரிலேயே எழுதினோம். 20 வந்தால் சரியான தளம். குறைந்தால் மேடு, கூடினால் பள்ளம். வாசலை அடைத்த சிமெண்டின் நடுவில் 11 வந்தது; 9 மில்லிமீட்டர் மேடு. அதற்கு இடப்பக்கம், மேல்பகுதியில், 34 வந்தது. 14 மில்லிமீட்டர் பள்ளம். எண்கள் நிறைந்த அந்தச் சுவரைத் தள்ளி நின்று பார்த்தபோது, என்ன செய்யவேண்டும் என்று விவாதிக்கவே தேவைப்படவில்லை.

மேட்டைத் தொடாமல் மற்றதையெல்லாம் அதன் அளவுக்கு உயர்த்துவதானால் சராசரியாக 12 மில்லிமீட்டர் கனம் ஏறும். 12.6 சதுர மீட்டர் சுவருக்கு அது 150 லிட்டர் கலவை. ஈரக் கலவை லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ என்று கொண்டால் கால் டன்னுக்கு மேல் எடை, அதுவும் பழைய காரையின்மேல். மேட்டை வெட்டிவிட்டுப் பள்ளத்தை மட்டும் நிரப்பினால் சராசரி 4 மில்லிமீட்டர், 50 லிட்டர் போதும். சிமெண்டு மேட்டைக் கொத்தி இறக்க அரைநாளுக்கு மேல் ஆனது. ஆனால் சுவர் சுமக்கவேண்டிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

பள்ளங்களை நிரப்ப, நீரில் இறுகும் சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற கலவையைப் பயன்படுத்தினோம். சிமெண்டு கூடுதலாகச் சேர்த்த கெட்டிக் கலவை பழைய சுண்ணாம்புக் காரையின்மேல் ஆகாது. அது இறுகிச் சுருங்கும்போது அடியிலிருக்கும் மெல்லிய காரையைப் பெயர்த்துக்கொண்டு வரும். மேலே போடுவது அடியிலிருப்பதைவிட வலுவாக இருக்கக்கூடாது என்பதைப் பூச்சில் அனுபவமுள்ள எவரும் சொல்வார். 14 மில்லிமீட்டர் பள்ளத்தை ஒரே தடவையில் அடைக்கவில்லை. பாதியை அப்பி, இறுகும்போது ஆணிச்சீப்பால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, அது உலர்ந்து கெட்டிப்பட்ட பிறகு மீதியைப் போட்டோம். முதலில் கட்டப் புள்ளிகளில் மட்டும் சரியான கனத்தில் கலவைப் பொட்டுகள் வைத்து, அவை இறுகியதும் இடைவெளியை நிரப்பி, பொட்டுக்குப் பொட்டு மட்டப்பலகையை ஓட்டி மிச்சத்தை வழித்தெடுத்தோம்.

கீழ்ப்பகுதிச் செங்கல்லின்மேலும் இதே கலவை இரண்டு அடுக்கு. பூச்சு தரையைத் தொடாமல் 20 மில்லிமீட்டர் மேலேயே நிறுத்தினோம். தரையைத் தொட்டால் அங்கிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏற்றிக்கொள்ளும். சுவரின் அடியோரமாக ஓடும் அடிப்பட்டிப் பலகை அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

உறிஞ்சலை ஒன்றாக்குதல்

அடிப்பூச்சு காய்ந்தபின் மீண்டும் பிளாஸ்டிக் தாள்களை ஒட்டிப் பார்த்தோம். மேலே சுத்தமாக இருந்தது. கீழே மெல்லிய மங்கல் மட்டும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அது பரவாயில்லை.

மேல்பகுதியில் இப்போதும் மூன்று வகைப் பரப்புகள் இருந்தன: பழைய காரை, புதிதாக நிரப்பிய இடம், மேட்டை வெட்டியதில் வெளிப்பட்ட சிமெண்டு. பிவிஏ எனப்படும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடித்தால் போதும் என்பது பரவலான பழக்கம். உலர்ந்த சுவரில் அது வேலை செய்யும். ஆனால் ஈரம் பட்டால் இளகிவிடும் பசை அது. ஓதம் வந்துபோன சுவரில், காய்ந்துவிட்டது என்று தெரிந்தபின்னும், அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நுண்மணல் கலந்த, காரத்தைத் தாங்கும் அக்ரிலிக் பிரைமரை எடுத்தோம். அது உறிஞ்சலையும் அடக்கும், உப்புத்தாள்போல் சொரசொரப்பாகக் காய்ந்து பூச்சுக்குப் பிடிமானமும் தரும்.

மூன்று பரப்புகளும் சேரும் இடத்தில் அரை மீட்டர் சதுரத்துக்குப் பிரைமரும் மேல்பூச்சும் போட்டு, ஒரு வாரம் விட்டோம். பிறகு அதைச் சுரண்டியால் கிளப்பிப் பார்த்தபோது பூச்சு தகடாக எழவில்லை, துணுக்குகளாகத்தான் உடைந்தது. அதன் பிறகே முழுச் சுவருக்கும் பிரைமர் அடித்தோம்.

மேல்பூச்சு

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வாளியையும் கலக்கும் கருவியையும் ஒவ்வொரு கலவைக்கும் தேய்த்துக் கழுவினோம். பழைய ஜிப்சம் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அவை வித்தாக நின்று புதிய கலவையைச் சீக்கிரம் இறுகவைத்துவிடும். தண்ணீரில்தான் பொடியைத் தூவினோம். பொடியின்மேல் தண்ணீரை ஊற்றவில்லை. முதல் கோட்டிங் 2 மில்லிமீட்டர், அது சற்று இறுகத் தொடங்கியதும் இரண்டாவது 1 மில்லிமீட்டர். பிரைமர் உறிஞ்சலை ஒன்றாக்கியிருந்ததால் சுவர் முழுவதும் ஒரே வேகத்தில் இறுகியது. கொத்தனார் இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் தேய்த்து முடித்தார். கீழ்ப்பகுதிக்கு நுண்மணல் கலந்த சுண்ணாம்பு மேல்பூச்சு, வேறொரு நாளில்.

ஜிப்சம் அடர்நிறம் மாறி ஒரே சீராக வெளிறும்வரை காத்திருந்து, தண்ணீர் கூட்டிய எமல்ஷனை முதல் கோட்டிங்காக அடித்தார்கள். கீழே எண்ணெய் வண்ணம் அடிக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அங்கே சுண்ணாம்பு வெள்ளை மட்டும்.

பின்னர் நடந்தது

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஒரு மழைக்காலமும் முடிந்தபின், போய்ப் பார்த்தோம். ஜிப்சம் எங்கும் கொப்புளிக்கவில்லை, தட்டினால் வெற்றொலி இல்லை. மட்டப்பலகையின் அடியில் இடைவெளி எங்கும் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தது. ஒரு மின்பெட்டியின் ஓரத்தில் மட்டும் 4. காலை வெயிலில் இடது மூலையில் ஒரு மெல்லிய அலை தெரிகிறது. தேடினால்தான் கண்ணில் படும்.

அடைத்த வாசலின் இடப்பக்கம், மேல்மூலையிலிருந்து 400 மில்லிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு ஒன்று வந்திருக்கிறது. கீழே ஒரு மூலையில், அடிப்பட்டிப் பலகைக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு உப்புப் பூத்திருந்தது. செங்கல்லுக்குள் மிஞ்சிய உப்பு சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறுகிறது. அந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். ஜிப்சமும் எண்ணெய் வண்ணமும் இருந்திருந்தால் அதே உப்பு உள்ளேயே படிகமாகிப் பூச்சைத் தள்ளியிருக்கும்.

அடுத்த முறை மாறவேண்டியவை

கோத்துக் கட்டாத அடைப்பு எந்த வாசலில் இருந்தாலும், அதைப் பழைய சுவரோடு உலோகத் துண்டுகளால் இணைத்துவிட்டு, சேர்க்கையின்மேல் உலோக வலையை ஸ்க்ரூ போட்டு இறுக்கவேண்டும். ஆறு வாரம் நகராத வெடிப்பு பருவம் மாறும்போது நகரலாம். ஆறு வாரக் கண்காணிப்பு நிம்மதி கொள்ளப் போதுமான காலம் அல்ல.

பிளாஸ்டிக் தாள் சோதனையை முதல் சந்திப்பிலேயே ஒட்டிவிட்டு வரவேண்டும். வேலைக்கு எவ்வளவு காலமாகும் என்ற பேச்சு அதன் முடிவு தெரிந்தபின் நடந்தால், காத்திருப்பு யாருக்கும் அதிர்ச்சியாக இராது.

மின்பெட்டிகளின் ஆழத்தைக் கயிறு கட்டும் முன்பே புதிய தளத்துக்கு ஏற்ப மாற்றிவிடவேண்டும். 4 மில்லிமீட்டர் இடைவெளி வந்த இடம், பூச்சு முடிந்தபின் பெட்டியை முன்னுக்கு இழுத்ததால் ஓரம் உடைந்து ஒட்டுப்போட்ட இடம்.

மயிரிழை வெடிப்பை இன்னொரு மழைக்காலம் முடியும்வரை தொடாமல், முனையில் தேதி எழுதி விட்டிருக்கிறோம். உப்புப் பூக்கும் மூலையை உலர்ந்த தூரிகையால் தட்டிவரும்படி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஆண்டும் குறையவில்லையென்றால் அந்த இடத்துச் சுண்ணாம்புப் பூச்சை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகப் போடுவது என்று பேசி முடித்திருக்கிறோம்.